ஏழாம் வகுப்புப் பாடம் அந்த மூவருக்கும் உரியதுதான்

அரசு நடுநிலைப் பள்ளியில் ஏழாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவரின் கேள்வி இது: "என் வகுப்பில் 34 பேர். மூன்று பேர் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள். ஒரு பையனுக்குப் பார்வை மிகக் குறைவு. இன்னொரு பையனுக்குக் கற்றல் குறைபாடு. வாயால் கேட்டால் பதில் சொல்வான், எழுதச் சொன்னால் இரண்டு வரி தாண்டாது. மூன்றாவது ஒரு பெண், அறிவுசார் குறைபாடு உள்ளவள். மற்ற பிள்ளைகளுக்கான அதே பாடம், அதே தேர்வு என்று இவர்களையும் அளப்பது கொடுமை இல்லையா? சுலபமாக ஏதாவது கொடுத்து உட்கார வைப்பதுதானே இரக்கம்? மற்ற பிள்ளைகளுக்கும் அதுதானே நியாயம்?"

டீச்சர், மூன்று குழந்தைகளையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டீர்கள். முதலில் அவர்களைப் பிரித்துக்கொள்வோம். பார்வை குறைந்த பையனுக்கும் கற்றல் குறைபாடுள்ள பையனுக்கும் பதில் நேரடியானது: அதே பாடம், அதே கேள்வி, அதே மதிப்பெண். பாடம் அவர்களிடம் போய்ச் சேரும் விதமும், அவர்கள் பதில் சொல்லும் விதமும் மட்டும் மாறும். அந்தப் பெண்ணின் விஷயம் வேறு. அவளுக்கும் அதே பாடம்தான், ஆனால் எவ்வளவு ஆழம் என்பதை அவளைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். அதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

சுலபமாக ஏதாவது கொடுத்து உட்கார வைப்பது என்னவாகும் என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சிறப்புப் பயிற்றுநராக வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனைச் சந்தித்தேன். பார்வை குறைவு, ஆனால் கூர்மையான பையன். வானொலிச் செய்தியை ஒருமுறை கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்வான். வணிகவியல் படித்து வங்கி வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசை. அரையையும் காலையும் கூட்டினால் எவ்வளவு என்று கேட்டேன். தெரியவில்லை. நான்காம் வகுப்பிலிருந்தே கணக்குப் பீரியடில் அவனை "நீ சும்மா கேட்டுக்கிட்டு இரு தம்பி" என்று பின்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார்கள். அடித்தவர்கள் யாரும் இல்லை, திட்டியவர்களும் இல்லை. எல்லோரும் அன்பாகத்தான் இருந்தார்கள். ஒவ்வொரு வருடமும் பாஸ் போட்டார்கள். ஐந்து வருடக் கணக்கை ஒன்றரை வருடத்தில் அவனுக்குச் சொல்லிக்கொடுக்க நானும் அவனுடைய கணக்கு ஆசிரியரும் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவன் பட்ட பாடு அதைவிடப் பெரிது.

பத்தாம் வகுப்பில் ஐந்து பாடம், ஒவ்வொன்றிலும் 35 எடுக்க வேண்டும். அந்த வாசலில் வந்து நிற்கும்போது, ஏழாம் வகுப்பில் நாம் காட்டிய இரக்கத்தை யாரும் மதிப்பெண்ணாகக் கூட்டித் தரப்போவதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம், அரசு வேலையில் 4 சதவீத இடம் என்று ஒதுக்கியிருக்கிறது. நல்ல விஷயம். ஆனால் அந்த இடங்கள் பெரும்பாலும் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ சான்றிதழுக்கு அப்பால் இருப்பவை. கீழ் வகுப்பில் பாடத்தைக் குறைத்துவிட்டு மேலே இடஒதுக்கீடு இருக்கிறது என்று ஆறுதல் சொன்னால், அந்தப் பிள்ளைக்கு எதுவும் கொடுக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

அதே சட்டம் உள்ளடக்கிய கல்வி என்பதற்கு ஒரு விளக்கம் தருகிறது. குறைபாடு உள்ளவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து படிப்பது, கற்பித்தல் முறையை அவர்களுடைய தேவைக்கு ஏற்பத் தகவமைப்பது. சேர்ந்து உட்காருவது மட்டும் போதும் என்று அதில் இல்லை. பிரிவு 17, பாடத்திட்டத்திலும் தேர்விலும் தக்க மாற்றம் செய்யச் சொல்கிறது. கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகியவற்றை உதாரணமாகக் காட்டுகிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள்தான் இருந்தன, கற்றல் குறைபாடு அந்தப் பட்டியலிலேயே இல்லை. 2016இல் அது 21 ஆனது, கற்றல் குறைபாடும் உள்ளே வந்தது. உங்கள் இரண்டாவது பையனை நாற்பது வருடத்துக்கு முன்னால் இதே பள்ளி "மக்கு" என்று சொல்லி அனுப்பியிருக்கும்.

சரி, வகுப்பில் என்ன செய்வது? நான் எந்தக் கேள்வித்தாளைப் பார்த்தாலும் ஒன்றை முதலில் யோசிப்பேன். ஒவ்வொரு கேள்விக்குள்ளும் ஒரு சரக்கு இருக்கிறது, அது ஏறிவரும் வண்டி ஒன்றும் இருக்கிறது. சரக்கைக் குறைக்கக் கூடாது, வண்டியைத் தாராளமாக மாற்றலாம்.

சமூக அறிவியலில் காவிரியை வரைபடத்தில் குறிக்கச் சொல்கிறோம். காவிரி எங்கே பிறக்கிறது, எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே கடலில் கலக்கிறது என்பது சரக்கு. மெல்லிய கோடுகள் போட்ட, உள்ளங்கை அளவு அச்சுப் படம் வண்டி. பார்வை குறைந்த பையனுக்குக் கருப்பு மார்க்கரால் தடித்த கோடு போட்ட பெரிய படம் கொடுங்கள். முழுக்கப் பார்வை இல்லாத பிள்ளையாக இருந்தால் நூலை ஃபெவிக்காலால் ஒட்டி விரலால் தடவச் சொல்லலாம், அல்லது ஓடும் வழியை வாயால் சொல்லச் சொல்லலாம். குடகில் தொடங்கிப் பூம்புகார் வரை அவன் சரியாகச் சொன்னால் முழு மதிப்பெண். ஒரு மதிப்பெண்கூடக் குறைக்க வேண்டாம்.

அறிவியலில் பூவின் பாகங்கள். படம் வரைவது வண்டி. ஒரு செம்பருத்தியைக் கையில் கொடுத்துப் பிரித்துக் காட்டச் சொன்னால், படம் அழகாக வரைந்த பிள்ளைக்குத் தெரிந்ததைவிட அவனுக்கு அதிகமாகவே தெரிந்திருக்கலாம். (நான் இதை முழு வகுப்புக்கும் செய்யச் சொல்வேன். அந்த ஒரு நாளில் படம் வரையும் திறமையை வைத்து அறிவியல் அறிவை அளந்துகொண்டிருந்தோம் என்பது தெரிந்துவிடும்.)

ஆனால் சில இடங்களில் வண்டியே சரக்காக இருக்கும். அங்கேதான் ஆசிரியருக்கு நிதானம் வேண்டும். கற்றல் குறைபாடுள்ள பையனுக்கு அறிவியல் கேள்வியை நீங்கள் வாசித்துக் காட்டினால் அது சரியான உதவி. அங்கே அவன் வாசிப்பை நாம் சோதிக்கவில்லை. தமிழில் "பத்தியை வாசித்துப் பொருள் அறிக" என்ற பயிற்சியில் பத்தியை வாசித்துக் காட்டிவிட்டால் சோதிக்க வேண்டியதையே எடுத்துவிட்டோம். அப்போது அவன் எவ்வளவு நன்றாகக் கேட்டுப் புரிந்துகொள்கிறான் என்று தெரியும், வாசிக்கத் தெரியுமா என்று தெரியாது. கால்குலேட்டரும் அப்படித்தான். தனிவட்டிக் கணக்கில் பெருக்கலுக்குக் கால்குலேட்டர் கொடுப்பதில் தவறில்லை, ஏனென்றால் அசலும் வட்டி வீதமும் காலமும் எப்படிச் சேர்கின்றன என்பதே கேள்வி. பெருக்கல் பாடத்திலேயே அதைக் கொடுத்தால் பாடம் போயிற்று. எந்தச் சலுகையையும் "இந்தக் குழந்தைக்கு இது உண்டு" என்று ஒரேயடியாக எழுதிவிடாதீர்கள். இந்தக் கேள்விக்கு இது பொருந்துமா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

அப்புறம் மொழி விலக்கு. கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கும் செவித்திறன் குறைந்தவர்களுக்கும் பொதுத்தேர்வில் ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு கிடைக்கிறது. தேவைப்படுபவர்களுக்கு அது உயிர்காக்கும் உதவி, நான் பல பேருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் பத்தாம் வகுப்பில் கிடைக்கப்போகும் விலக்கை நம்பி ஆறாம் வகுப்பிலேயே ஆங்கிலம் சொல்லித்தருவதை நிறுத்திவிடுகிறோமே, அதில் எனக்குச் சம்மதமே இல்லை. விலக்கு தேர்வுக்குத்தான், கற்பதற்கு இல்லை. ஒரு பையன் ஆங்கிலத் தேர்வு எழுதாமல் போகலாம். பேருந்துப் பலகையையும் மாத்திரை அட்டையையும் வேலைக்கான விண்ணப்பப் படிவத்தையும் வாசிக்காமல் இருக்க முடியாது.

சொல்வதை எழுதுபவர் விஷயத்தில் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. பொதுத்தேர்வில் பெரும்பாலும் ஓர் ஆசிரியரையே எழுதுபவராகப் போடுகிறார்கள். நம் பிள்ளை வாழ்க்கையில் முதல்முறையாக இன்னொருவருக்குச் சொல்லி எழுதவைப்பது அன்றைக்குத்தான். ஐந்து மதிப்பெண் பதிலை மனதில் கோத்து, எங்கே புதுப்பத்தி, எங்கே துணைத்தலைப்பு என்று நிறுத்தி நிறுத்திச் சொல்வது தனித் திறமை. கணக்கில் இன்னும் கடினம். "இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று வகுத்தல் நான்கு" என்று அவன் சொன்னால் மூன்றை மட்டும் வகுப்பதா, முழுவதையும் வகுப்பதா? "இரண்டு எக்ஸ் கூட்டல் மூன்று, முழுவதும் அடைப்புக்குள், அதன் கீழ் நான்கு" என்று சொல்லப் பழக வேண்டும். இந்தப் பழக்கத்தை ஏழாம் வகுப்பிலேயே தொடங்குங்கள். வாரத்தில் ஒரு நாள் பக்கத்தில் இருக்கும் மாணவி எழுதட்டும், அவன் சொல்லட்டும். அந்த மாணவிக்கும் பாடம் இரண்டாம் முறை மனதில் ஏறும்.

"மற்ற பிள்ளைகளுக்கு நியாயமா" என்ற கேள்வியை ஆசிரியர் அறையில் நானும் பலமுறை கேட்டிருக்கிறேன். மத்திய அரசு 2018 ஆகஸ்டில் வெளியிட்ட எழுத்துத் தேர்வு வழிகாட்டுதலில் மணிக்கு 20 நிமிடமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளை ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் மற்றவர்கள் நாலு வரி எழுதிவிடுவார்கள். அந்த ஒரு மணி நேரம் அவன் கைக்குக் கொடுக்கும் நேரம். பதில் தெரியாதவனுக்கு மூன்று மணி நேரம் கூடுதலாகக் கொடுத்தாலும் பதில் வராது. எழுதும்போது கை இறுகிக்கொள்ளும் பாதிப்பு இருந்த மருத்துவப் பட்டதாரி ஒருவர், குடிமைப் பணித் தேர்வில் எழுதுபவர் வேண்டும் என்று கேட்டார், மறுத்தார்கள். 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 40 சதவீதக் குறைபாடு என்ற அளவுகோல் இடஒதுக்கீடு போன்ற சில உரிமைகளுக்கானது, எழுதுவதில் சிரமம் உள்ளவருக்கு எழுதுபவரைத் தருவதற்கு அதை நிபந்தனையாக்கக் கூடாது என்று சொன்னது. சான்றிதழில் 30 என்று வந்துவிட்டது, எதுவும் கிடைக்காது என்று உங்கள் பையனின் அம்மா கலங்கினால் இதைச் சொல்லுங்கள்.

இனி அந்தப் பெண். இங்கே அமெரிக்க அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர்கள் செய்த தவறைத்தான் நாம் இப்போது செய்துகொண்டிருக்கிறோம். குறைபாடுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுக்கல்வி என்ற சட்டம் அங்கே 1975இல் வந்துவிட்டது. ஆனால் மாநிலத் தேர்வுகளில் இந்தப் பிள்ளைகளைப் பெரும்பாலும் சேர்க்காமலே விட்டார்கள். தேர்வு இல்லை என்றால் கணக்கு இல்லை, கணக்கில் வராத பிள்ளை என்ன கற்றது என்று கேட்பவரும் இல்லை. 1997இல் சட்டத்தைத் திருத்தி, இவர்களையும் தேர்வில் சேர்த்தே ஆக வேண்டும் என்றார்கள். மிகத் தீவிரமான அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கு மட்டும் மாற்றுத் தேர்வு. அதற்கும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் உச்சவரம்பு வைத்தார்கள்: ஒரு மாநிலத்தில் அந்தப் பாடத் தேர்வை எழுதும் எல்லா மாணவர்களிலும் 1 சதவீதத்துக்கு மேல் மாற்றுத் தேர்வுக்கு அனுப்பக் கூடாது. அந்தத் தேர்வும் அந்தந்த வகுப்பின் பாடத்தோடு தொடர்புடையதாகவே இருக்க வேண்டும். எனக்கு அந்த உச்சவரம்பு பிடித்திருக்கிறது. வரம்பு இல்லாவிட்டால் கஷ்டமான பிள்ளைகளையெல்லாம் அந்தப் பக்கம் தள்ளிவிட நம் எல்லோருக்கும் கை நீளும்.

2017இல் அவர்களுடைய உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கொலராடோவைச் சேர்ந்த ஆட்டிசம் உள்ள பையன். அவனுக்கான தனிக் கல்வித் திட்டத்தில் வருடா வருடம் அதே இலக்குகள் திரும்பி வருகின்றன, பையன் நகரவில்லை என்று பெற்றோர் சொன்னார்கள். ஏதோ துளி முன்னேற்றம் இருந்தால் போதும் என்பது கல்வியே ஆகாது, குழந்தையின் நிலையைப் பார்த்துச் சவாலான இலக்கு வைக்க வேண்டும் என்று நீதிபதிகள் எல்லோரும் ஒரே குரலில் தீர்ப்புச் சொன்னார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஒரு பதிவேடு நினைவுக்கு வந்தது. ஒரு பள்ளியில் அறிவுசார் குறைபாடுள்ள பெண்ணின் திட்டத்தில் மூன்று வருடமாக ஒரே வரி: "வண்ணங்களை அடையாளம் காணுதல்." அந்தப் பெண் வீட்டில் அப்பாவின் பூக்கடையில் முழம் போட்டுப் பூ அளந்து, பத்து ரூபாய், இருபது ரூபாய்க்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கு அவள் சிவப்பையும் பச்சையையும் தாண்டவில்லை.

உங்கள் மாணவிக்கு மாதிரியாக இரண்டு பாடங்களைச் சொல்கிறேன். சோழர் பாடத்தில் குடவோலை முறை வருகிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டு சொல்வதுதான்: ஊரை 30 குடும்புகளாக, அதாவது சிறு பகுதிகளாகப் பிரித்து, தகுதியுள்ளவர்கள் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத சிறுவன் ஒருவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வகுப்பில் ஒரு குடம் வையுங்கள், தகுதிகளைக் கரும்பலகையில் எழுதுங்கள், எல்லோரும் பெயர் போடட்டும். மற்ற பிள்ளைகள் தகுதிகளையும், வாரியங்கள் என்ற ஊர்க் குழுக்களையும் எழுதுவார்கள், இன்றைய தேர்தலோடு ஒப்பிடுவார்கள். இந்தப் பெண்ணுக்கு மூன்று விஷயம் போதும்: ஊருக்கு ஆட்களை ஊரே தேர்ந்தெடுத்தது, தகுதி இல்லாமல் யாரும் நிற்க முடியாது, பெயரை யாரும் பார்த்து எடுக்கவில்லை. ஓலை எடுக்க அவளை மட்டும் ஒவ்வொரு முறையும் கூப்பிடாதீர்கள், அது அவளைப் பொம்மையாக்கிவிடும். தகுதி இல்லாத ஒரு பெயரை வேண்டுமென்றே உள்ளே போட்டு, "இது செல்லுமா?" என்று அவளிடம் கேளுங்கள். அவள் "செல்லாது" என்று சொல்லிக் காரணமும் சொன்னால், அதுதான் அவளுடைய ஏழாம் வகுப்பு வரலாற்று மதிப்பெண்.

சதவீதப் பாடத்தில் மற்றவர்கள் இலாபம், நட்டம், தனிவட்டி என்று போகும்போது அவள் 100 ரூபாயில் 50 சதவீதம், 25 சதவீதம், 10 சதவீதம் எவ்வளவு என்பதை நோட்டுகளை வைத்துச் செய்யட்டும். ஆடித் தள்ளுபடித் துண்டுப் பிரசுரம் நல்ல பாடப்புத்தகம். 200 ரூபாய்க்கு நகர்ந்துவிட்டாளா என்று அடுத்த மாதம் பாருங்கள். நகர்ந்திருந்தால் இலக்கை உயர்த்துங்கள். தொடக்க வகுப்புகளுக்கான 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கிறோமே, அதில் நல்லது இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது. அரும்பு என்று பெயர் வைத்த பிள்ளை வருடக் கடைசிவரை அரும்பாகவே இருந்தால் பிரித்ததில் எந்தப் பயனும் இல்லை.

ஒரே ஆளாக 34 பேரை வைத்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிச் செய்வது என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயம்தான். சிறப்புப் பயிற்றுநர் ஒருவருக்குப் பல பள்ளிகள், உங்களிடம் அவர் வருவதே எப்போதாவதுதான். வரும்போது குழந்தையைத் தனி அறைக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லாமல், அடுத்த மூன்று வாரப் பாடங்களை அவர் முன்னால் வைத்து "இதை எப்படி மாற்றலாம்?" என்று கேளுங்கள். எங்களுக்குக் குறைபாடு பற்றித் தெரியும், உங்களுக்குப் பாடம் தெரியும். இரண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் வேலை நடக்கும். எல்லாப் பாடத்தையும் மாற்ற வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு பாடத்தில் தொடங்குங்கள்.

பருவத் தேர்வு வருவதற்குள் முடிக்க வேண்டியவை சில. பார்வை குறைந்த பையனின் கேள்வித்தாளை நகலகத்தில் ஏ3 தாளில் பெரிதாக்காதீர்கள். எழுத்து பெரிதாகும்போது மங்கலும் சேர்ந்து பெரிதாகும், மேசையில் தாளும் அடங்காது. கணினியில் எழுத்தின் அளவை 18, 20, 24 என்று வைத்து மூன்று பிரதி எடுத்து, எது சரியாக இருக்கிறது என்று அவனிடமே கேளுங்கள். சன்னல் பக்கம் வேண்டுமா, வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதா என்பதும் அவனுக்குத்தான் தெரியும். கற்றல் குறைபாடுள்ள பையனுக்கு அறிவியலிலும் சமூக அறிவியலிலும் எழுத்துப் பிழைக்கு மதிப்பெண் குறைக்காதீர்கள், பாதிக் கேள்விகளுக்கு வாய்மொழிப் பதில் வாங்கி நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மருத்துவச் சான்று இல்லை என்றால் இப்போதே பெற்றோரிடம் பேசுங்கள். பத்தாம் வகுப்புச் சலுகைக்குத் தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும், கடைசி நேரத்தில் சான்றுக்கு அலைந்து தேதியைத் தவறவிட்டவர்களை நான் ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன்.

மூன்று பேரின் விடைத்தாள்களையும், எந்தக் கேள்வியை எப்படி மாற்றினீர்கள் என்ற குறிப்பையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். ஜூனில் எட்டாம் வகுப்பு ஆசிரியர் கையில் அதைக் கொடுக்கும்போது, அந்தப் பெண்ணின் பக்கத்தில் "சதவீதம்: 200 ரூபாய் வரை தெரியும், 500இல் தொடங்கவும்" என்று எழுதியிருக்க வேண்டும்.